பண்ணைக் கணக்கில் பெயர் திருத்தம்: எருவை மாற்றினால் எருமையும் மாறலாம்

சான்று விதை மூட்டையின் வாயில் நீல நிற அட்டை தைக்கப்பட்டிருக்கும். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை; வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள் அட்டை. உள்ளே இருக்கும் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து இன்ன விதை என்று சொல்லிவிட முடியாது. அட்டையை நம்பித்தான் நாற்றங்கால் விடுகிறார்கள். அட்டை மாறினால் நெல் மாறுவதில்லை. ஆனால் அதை நம்பி விதைத்தவருக்கு ஒரு பருவம் வீணாகிவிடும்.

கைபேசியில் எழுதப்படும் பண்ணைக் கணக்கிலும் இப்படி அட்டைகள் உண்டு. 'டேக்' என்றும், தமிழில் 'குறிச்சொல்' என்றும் அவற்றைச் சொல்வர். ஒரு செலவை எழுதும்போது அதன் அருகில் 'யூரியா', 'சம்பா', 'கிணற்று வயல்' என்று போட்டு வைத்தால், ஆண்டு முடிவில் யூரியாவுக்கு மொத்தம் எவ்வளவு, கிணற்று வயலுக்கு மொத்தம் எவ்வளவு என்று நொடியில் கூட்டிப் பார்த்துக் கொள்ளலாம். காகித நோட்டில் பல நாள் பிடிக்கும் வேலை இது.

நான்கைந்து ஆண்டுகள் கணக்கு எழுதியபின் ஒரு சிக்கல் எழுகிறது. காவிரிப் பாசனப் பகுதியில் 3 ஏக்கரும், ஒரு பசுவும், ஓர் எருமையும் வைத்திருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்ளலாம். அப்பா 'யூரியா உப்பு' என்று எழுதுவார். மகன் 'யூரியா' என்பான். கடைச் சீட்டைப் பார்த்து எழுதும் மகள் 'யூரியா உரம்' என்று போட்டிருப்பாள். மூன்றும் ஒரே பொருள்தான். ஆனால் கணக்கு அதை மூன்றாகவே கூட்டும். யூரியாச் செலவு எவ்வளவு என்று கேட்டால் வரும் விடை, உண்மையில் செலவானதைவிடக் குறைவாக இருக்கும். இதைச் சரி செய்வதற்குத்தான் பெயர் திருத்தம் தேவைப்படுகிறது.

உதவியாள் என்ன செய்கிறது?

நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றுவது சலிப்பான வேலை. இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாள் இதைச் செய்து கொடுக்கிறது. கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லும் கருவி வேறு, இது வேறு. அனுமதி கொடுத்தால் இது கணக்குக்குள் நேரே போய், பட்டியலைப் படித்து, பெயரை மாற்றி, சேமித்துவிட்டு வரும். தமிழில் எழுதியோ, வாயால் சொல்லியோ வேலை வாங்கலாம். இதை 'ஏஜெண்ட்' என்கிறார்கள். கமிஷன் மண்டி ஏஜெண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. சொல்லாமல் விட்டதைத் தானே முடிவு செய்து கொள்ளும் பழக்கம் இதற்கும் உண்டு.

கணக்கு எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். சில செயலிகளில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் பின்னால் ஓர் எண் மறைவாக இருக்கும். பதிவுகள் அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே பெயரை ஓரிடத்தில் மாற்றினால் போதும், எல்லாப் பதிவுகளிலும் புதுப் பெயர் தெரியும். எக்செல், கூகுள் ஷீட் போன்ற கட்டக் கணக்கில் அப்படி எண் எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துகளாகவே பெயர் இருக்கிறது. அங்கே பெயர் மாற்றம் என்றால் கட்டம் கட்டமாகத் தேடி அழித்து எழுதுவது. பாதியில் நின்றுபோனால் கணக்கு பாதி பழைய பெயரிலும் பாதி புதுப் பெயரிலும் கிடக்கும்.

ஒரே பொருளா, வெவ்வேறு பொருளா?

பெயரை மாற்றச் சொல்வதற்கு முன் விவசாயி தாமே தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருக்கின்றனவா, அல்லது ஒரு பெயரில் பல பொருள்கள் இருக்கின்றனவா? முன்னதை உதவியாளிடம் விடலாம். பின்னதை விடக்கூடாது.

ஆடுதுறை 37 என்பதும் ஏ.டி.டி. 37 என்பதும் ஒன்றே. அம்பை 16 என்பதும் ஏ.எஸ்.டி. 16 என்பதும் ஒன்றே. சி.ஆர். 1009 என்ற நீண்டகால ரகத்தைத் தமிழ்நாட்டில் 'பொன்மணி' என்றும், வேறு மாநிலங்களில் 'சாவித்திரி' என்றும் அழைக்கிறார்கள். இவற்றையெல்லாம் தயக்கமின்றி ஒரே பெயருக்குக் கொண்டு வரலாம்.

ஆனால் சி.ஆர். 1009 சப் 1 என்பது வேறு. வெள்ளத்தில் மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை தாங்கி நிற்கும் பண்பு சேர்க்கப்பட்ட ரகம் அது. பெயரைப் பார்க்கும் இயந்திரத்துக்கு 'சி.ஆர். 1009', 'சி.ஆர். 1009 சப் 1' இரண்டும் ஏதோ ஒன்றை இரு விதமாக எழுதியதுபோலத் தோன்றும். 'ஒரே மாதிரிப் பெயர்களைச் சேர்த்துவிடு' என்று பொதுவாகச் சொன்னால் இரண்டையும் சேர்த்துவிடக் கூடும். கார்த்திகை மழையில் எந்த வயல் தப்பியது, எந்த வயல் அழுகியது என்ற விவரம் அத்துடன் போயிற்று. அடுத்த ஆண்டு எந்த விதை வாங்குவது என்று முடிவு செய்ய உதவியிருக்க வேண்டிய விவரம் அது.

'குண்டு' என்று எழுதியிருந்தால் இன்னும் சங்கடம். ஆடுதுறை 37-ஐயும் குண்டு என்பார்கள். அம்பை 16-ஐயும் குண்டு என்பார்கள். இதை எந்த உதவியாளாலும் பிரிக்க முடியாது. அந்தந்தப் பருவத்தில் வாங்கிய விதைச் சீட்டைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது 'பொன்னி' என்னும் பெயர்தான். வெள்ளைப் பொன்னி கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ரகம். 'ஆந்திரா பொன்னி' என்று ஊரில் சொல்லப்படுவது ஆந்திராவின் பாபட்லாவிலிருந்து வந்த பி.பி.டி. 5204, 'சம்பா மசூரி' என்பதும் அதுவே. பெயரில் பொன்னி இருந்தாலும் இரண்டும் வேறு ரகங்கள். வெள்ளைப் பொன்னி உயரமாக வளர்ந்து, காற்று மழைக்குச் சாயும் இயல்புடையது. பி.பி.டி. குலைநோய்க்கு எளிதில் இலக்காகக் கூடியது.

தலா ஓர் ஏக்கரில் இரண்டையும் பயிரிட்டதாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பி.பி.டி. வயலில் குலைநோய் மருந்துக்கு 2,400 ரூபாய் ஆயிற்று. வெள்ளைப் பொன்னி சாய்ந்துவிட்டதால் அறுவடை இயந்திரம் கூடுதல் நேரம் ஓடி 2,600 ரூபாய் அதிகமாயிற்று. 'ஆந்திரா பொன்னி', 'வெள்ளைப் பொன்னி' இரண்டையும் 'பொன்னி' என்று ஆக்கிவிட்டால், ஏக்கருக்கு 2,500 ரூபாய் கூடுதல் செலவு என்று மட்டுமே கணக்கு காட்டும். ஒன்றுக்கு நோய், மற்றதற்குச் சாய்வு என்பது தெரியாது. ஒன்றுக்குத் தழைச்சத்தைப் பிரித்து இடுவதும் நோயைக் கண்காணிப்பதும் தேவை. மற்றதற்கு அளவோடு உரமிடுவதும், சாயாத ரகத்தைப் பற்றி யோசிப்பதும் தேவை. கணக்கு எழுதியதன் பயனே இந்த வேறுபாட்டைக் காட்டுவதுதான்.

'மருந்து' என்னும் குறிச்சொல்லும் இத்தகையதே. பூச்சிமருந்து, களைக்கொல்லி, பசுவுக்குப் போட்ட ஊசி எல்லாம் அதற்குள் கிடக்கும். இதற்குப் புதுப் பெயர் வைப்பதால் பயனில்லை. பிரிக்க வேண்டும். தெளித்த மருந்தின் பெயரும் தேதியும் தெரிந்தால்தான் அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளியைக் கணக்கிட முடியும். ஊசி போட்ட தேதி தெரிந்தால்தான் எத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது என்பது தெரியும். பல வணிகப் பெயர்களை 'மருந்து' என்ற ஒரே பெயருக்குக் கொண்டு வரும்படி எவரேனும் யோசனை சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

இன்னொன்று, மூட்டைக் கணக்கு. யூரியா மூட்டை முன்பு 50 கிலோ. 2018 முதல் 45 கிலோ. 4 மூட்டை என்றால் அன்று 200 கிலோ, இன்று 180 கிலோ. யூரியாவில் 46 சதம் தழைச்சத்து உள்ளது. அதன்படி அன்று 92 கிலோ தழைச்சத்து, இன்று 82.8 கிலோ. ஆகவே பத்தாண்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள் 'யூரியா மூட்டை' என்ற குறிச்சொல்லை ஒட்டுமொத்தமாக மாற்றாமல், தேதியைப் பார்த்து 'யூரியா 50', 'யூரியா 45' என இரண்டாக்கிக் கொள்வது நலம். மாறுதல் நடந்த மாதங்களில் கடையில் பழைய மூட்டையும் இருந்திருக்கும் என்பதால், 2018-ஆம் ஆண்டுச் சீட்டுகளை மட்டும் கையில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

எருவும் எருமையும்

கட்டக் கணக்கில் ஏற்படும் தவறு வேறு வகையானது. 'எரு' என்று எழுதியிருப்பதையெல்லாம் 'தொழு உரம்' என்று மாற்றச் சொன்னதாக வைத்துக் கொள்ளலாம். சரியாகச் சொல்லாவிட்டால், எழுத்துகளை மட்டும் பார்த்துத் தேடும் முறை 'எருமை' என்ற சொல்லுக்குள் இருக்கும் 'எரு'வையும் பிடித்துக் கொள்ளும். எருமைப்பால் வரவு 'தொழு உரம்மைப்பால்' ஆகிவிடும். சிரிப்புக்கு இடமானது என்றாலும், எருமையின் பால் கணக்கு அதன் தலைப்பை விட்டுப் போய்விட்டது என்பது சிரிப்பல்ல. 'தை' மாதத்தை 'ஜனவரி' என்று மாற்றினால் 'விதை' எல்லாம் 'விஜனவரி' ஆகும். 'நெல்'லைத் தொட்டால் 'நெல்லி'யும் அசையும். 'சம்பா' என்று தேடினால் பருவமும் வரும், சீரகச் சம்பாவும் வரும்.

இதற்கு வழி எளிது. 'குறிச்சொல் முழுவதும் எரு என்று மட்டும் இருந்தால் மாற்று. வேறு சொல்லின் பகுதியாக இருந்தால் தொடாதே' என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நேர்மாறான தொல்லையும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் இயந்திரத்துக்கு வேறாக இருக்கும். பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் போதும். தமிழில் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். திரையில் வித்தியாசம் தெரியாது. பட்டியலில் 'கொள்ளு' இரண்டு முறை வந்தால் கண்ணில் கோளாறு என்று எண்ண வேண்டாம். உதவியாளிடம், 'பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்து எழுத்துக் குறியீட்டிலோ இடைவெளியிலோ வேறுபடும் பெயர்களைக் காட்டு' என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடும். இந்த வேலையில் அது மனிதரைவிடக் கெட்டிக்காரத்தனமானது.

செய்முறை

முதல் வேலை நகல். கணக்கு முழுவதையும் வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு ஒதுக்கி வைக்க வேண்டும். கூகுள் ஷீட்டில் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கிறது என்றாலும் தனிப் பிரதி இருப்பதே பாதுகாப்பு. நகல் எடுக்கும் வேலையை உதவியாளிடம் விடாமல் தாமே செய்வது நல்லது.

அடுத்து, 'எதையும் மாற்றாதே. எல்லாக் குறிச்சொற்களையும் பட்டியலிடு. ஒவ்வொன்றிலும் எத்தனை பதிவு, மொத்தத் தொகை எவ்வளவு, முதல் தேதி எது, கடைசித் தேதி எது என்று காட்டு' என்று கேட்க வேண்டும். இந்தப் பட்டியலே பாதி வேலையை முடித்துவிடும். ஒரே ஒரு பதிவு உள்ள பெயர்கள் பெரும்பாலும் எழுத்துப் பிழைகள். முதல் தேதியையும் கடைசித் தேதியையும் பார்த்தால் எந்தப் பெயர் எப்போது வழக்கொழிந்தது என்பது தெரியும்.

பிறகு குடும்பத்தார் உட்கார்ந்து, ஒரு தாளில் இடப்பக்கம் பழைய பெயர், வலப்பக்கம் புதிய பெயர் என்று எழுதிக் கொள்ள வேண்டும். சந்தேகமானவற்றின் எதிரே கேள்விக்குறி போட்டு விட்டுவிடலாம். இதில் அவசரம் கூடாது. அடியுரம், மேலுரம் என்பவை இடும் காலத்தைக் குறிப்பவை, டி.ஏ.பி., பொட்டாஷ் என்பவை பொருளைக் குறிப்பவை. ஒன்றை மற்றதாக மாற்றக் கூடாது; ஒரே பதிவுக்கு இரண்டும் இருக்கலாம்.

இந்தத் தாளில் உள்ளபடி உதவியாளுக்குச் சொல்லும்போது மூன்று கட்டளைகள் அவசியம். தாளில் இல்லாத எதையும் தொடக்கூடாது. புதிய பெயர் ஏற்கெனவே கணக்கில் இருந்தால், சேர்ப்பதற்கு முன் நிறுத்திக் கேட்க வேண்டும். இரண்டு பெயர்களைச் சேர்க்கும்போது ஒவ்வொரு பதிவின் குறிப்புப் பகுதியிலும் 'பழைய பெயர் இது' என்று எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது கட்டளையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தனிப் பெயர் ஒன்றை மாற்றினால் திரும்பவும் பழைய பெயருக்கே மாற்றிக் கொள்ளலாம். இரண்டு பெயர்களை ஒன்றாக்கிவிட்டால், எது எதிலிருந்து வந்தது என்பது கணக்கில் இராது. வெள்ளைப் பொன்னியையும் பி.பி.டி.யையும் ஒரே களத்தில் கொட்டிக் கலந்தபின் பிரிப்பதற்கு ஒப்பானது அது. பழைய பெயர் குறிப்பில் இருந்தால், மூன்று மாதம் கழித்துத் தவறு தெரிந்தாலும் பிரித்துவிடலாம்.

முதலில் ஒரு பெயரை மட்டும் மாற்றிச் சரிபார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போக வேண்டும். சரிபார்ப்பது கூட்டல் கணக்குத்தான். 'யூரியா' 41 பதிவு, 'யூரியா உரம்' 17, 'யூரியா உப்பு' 6 என்றிருந்தால், சேர்த்தபின் 'யூரியா' 64 பதிவாக இருக்க வேண்டும். தொகை முறையே 38,420, 15,310, 4,185 ரூபாய் என்றால் மொத்தம் 57,915 ரூபாய் வர வேண்டும். 63 என்று வந்தால் உடனே பதற வேண்டியதில்லை. ஒரே பதிவுக்கு 'யூரியா', 'யூரியா உரம்' இரண்டும் போட்டிருந்தால், சேர்த்தபின் அது ஒன்றாகவே எண்ணப்படும். தொகையும் அந்த ஒரு பதிவின் அளவுக்குக் குறையும். அப்படிப்பட்ட பதிவு எது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அதைக் காட்ட முடியவில்லை என்றால், ஒரு பதிவு வழியில் தவறியிருக்கிறது என்று பொருள். நகலோடு ஒப்பிட்டுத் தேட வேண்டும்.

உதவியாள் 'முடிந்தது' என்று சொல்வதை மட்டும் நம்பி எழுந்துவிடக் கூடாது. நீண்ட கணக்கில் பாதி மாற்றிவிட்டு, எல்லாம் முடிந்ததாகச் சொல்வதும் உண்டு. கணக்கை நேரே திறந்து, பழைய பெயரைத் தேடி, ஒன்றும் வரவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஆண்டுக் கூட்டல் தாள் தனியாக இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். அந்தத் தாள் இன்னும் பழைய பெயரைத்தான் தேடிக் கொண்டிருக்கும். கிடைக்காததால் பிழை என்று சொல்லாமல் பூஜ்யம் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

தொடக் கூடாதவை

சர்வே எண், பட்டா எண், விதையின் குவியல் எண், கடைச் சீட்டு எண், கால்நடையின் காது வில்லையில் உள்ள 12 இலக்க எண் ஆகியவற்றைக் குறிச்சொல்லாகப் போட்டிருப்பவர்கள் உண்டு. இவற்றில் எந்த உதவியாளும் கை வைக்கக் கூடாது. 'மேட்டு வயல்' என்பதைக் 'கோயில் வயல்' என்று மாற்றுவது வீட்டு விஷயம். சர்வே எண் அடங்கலில் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கு அதுவே ஆதாரம். பாகப் பிரிவினைக்குப் பிறகு உட்பிரிவு எண் மாறியிருந்தாலும் பழைய ஆண்டுப் பதிவுகளில் பழைய எண்ணே நிற்க வேண்டும். புதிய பதிவுகளுக்குப் புதிய எண் போட்டால் போதும். முளைப்புக் குறைந்த விதையைப் பற்றிப் புகார் செய்யச் சீட்டும் குவியல் எண்ணும் வேண்டும். அங்கக வேளாண்மைச் சான்று பெற்றிருப்பவர்கள், ஆய்வுக்குக் காட்டும் இடுபொருள் பதிவில் சீட்டிலுள்ள பெயரையே வைத்திருக்க வேண்டும். வீட்டு வழக்கிலுள்ள பெயர் வேண்டுமானால் அதைக் கூடுதல் குறிச்சொல்லாகச் சேர்த்துக் கொள்ளலாம்.

உதவியாளுக்கு அனுமதி கொடுக்கும்போது கணக்கு உள்ள அந்த ஒரு கோப்புக்கு மட்டும் கொடுக்க வேண்டும். வங்கிச் செயலி, ஓ.டி.பி. வரும் குறுஞ்செய்திகள் ஆகியவற்றோடு இந்த வேலைக்கு எந்தத் தொடர்பும் இல்லை. வேலை முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடலாம்.

இதைச் செய்ய ஏற்ற காலம் தாளடி அறுவடை முடிந்து குறுவைக்கு நாற்றங்கால் விடுவதற்கு முந்திய இடைவெளி. பருவத்தின் நடுவில், ஒருவர் பதிவு போட்டுக் கொண்டிருக்கும்போதே மற்றவர் பெயரை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். மாற்றிய தாளை எறிந்துவிடாமல், தேதியிட்டுப் பழைய சீட்டுகளோடு கட்டி வைக்க வேண்டும். அந்தச் சீட்டுகளில் பழைய பெயர்தானே இருக்கிறது! புதிய பட்டியலின் பிரதி ஒன்றைக் கணக்கு எழுதும் ஒவ்வொருவர் கைபேசிக்கும் அனுப்பிவிட்டு, அப்பாவுக்கு மட்டும் வாயாலும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரமே 'யூரியா உப்பு' மறுபடி முளைத்திருக்கும். ஒரு மாதம் கழித்து அதே பட்டியலை மீண்டும் கேட்டு வாங்கிப் பார்த்தால், எந்தப் பழைய பெயர் திரும்ப வந்திருக்கிறது, யார் போட்டது என்று தெரிந்துவிடும்.